புல்வெளிக்கு நான் கொடுத்த சம்மதம்

மடத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று சொன்னதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. போன மாதம் வந்து எங்கள் வாய்க்காலிலிருந்து மீன்குளத்துக்குத் தண்ணீர் கேட்டார்கள். அதற்கு முந்தின மாதம் தேன்மெழுகு. கொடுத்துப் பழக்கிய குடும்பம் நாங்கள், வாங்கிப் பழகியவர்கள் அவர்கள், யாரை நொந்துகொள்வது?

இந்தத் தடவை வந்தவர் ஒஜியே என்ற துறவி. நாற்பது வயதிருக்கும். கழுதையிலிருந்து இறங்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினார். புதிய மடத்தலைவர் பழைய சாசனங்களையெல்லாம் எடுத்துத் தூசி தட்டுகிறாராம். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அப்பா ஆற்றோரப் புல்வெளியை மடத்துக்குக் கொடுத்தபோது சம்மதம் சொன்னவர்களில் இன்று உயிரோடிருப்பது நானும் என் அண்ணன் கொபேரும்தான். நாங்கள் இருவரும் இன்னொரு தடவை வாயால் சொல்லிவிட்டால், பிற்பாடு எங்கள் பேரப்பிள்ளைகள் யாரும் வந்து வம்பு செய்ய மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அந்தச் சம்மதக் கதையைக் கேட்க ஆள் கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்வேன். அண்ணன் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். சாமியை அடுப்புப் பக்கம் உட்காரச் சொன்னேன். அங்கே ஏற்கெனவே கொபேர் வீங்கின காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு இருந்தான். பேரிக்காய் மதுவும் ரொட்டியும் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

எங்கள் அப்பா ஆர்ஷம்போ, ரோஷ்வேர் கோட்டைக்கு அதிபதி. அதிபதி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மண்மேடு, அதன்மேல் ஒரு மரக்கோபுரம், கீழே நாற்பது வீடு, ஒரு மாவரைக்கும் ஆலை, எந்நேரமும் ஒழுகுகிற கூடம். மழை பெய்தால் அப்பா தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு ஒழுகாத இடம் தேடுவார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பிரபுதான். குரல் அப்படி. பாட்டு மட்டும் வராது, வராது என்பதும் அவருக்குத் தெரியாது. குதிரை லாயத்தில் அவர் பாடினால் குதிரைகள் காதை மடக்கிக்கொள்ளும் என்று அம்மா சொல்வாள்.

எனக்கு அப்போது ஆறு வயது. அண்ணனுக்குப் பதினாறு. நடுவில் பிறந்த மூன்று பேர் தங்கவில்லை. அதனால் அப்பா என்னைத் தரையில் விட்டதே இல்லை. வியாழக்கிழமைகளில் கோட்டை வாசல் எல்ம் மரத்தடியில் வழக்குக் கேட்பார். ஒருவன் பன்றி இன்னொருவன் அவரைத் தோட்டத்தில் புகுந்திருக்கும், ஒருவன் வேலி ஒரு முழம் நகர்ந்திருக்கும். நான் அவர் மடியில் இருப்பேன். இரண்டு பக்கமும் கத்தி முடித்ததும் என்னிடம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே? இவனை விட்டுடலாமா?" என்பார். நான் "மாட்டேன்" என்பேன். எனக்கு அப்போது வாயில் வந்த வார்த்தையே அது ஒன்றுதான். சாப்பிட வா என்றால் மாட்டேன், தலை வாரிக்கொள் என்றால் மாட்டேன், கூடத்து நாயை அணைத்துக்கொண்டு தூங்காதே என்றால் அதற்கும் மாட்டேன். ஊரில் என் பெயர் ஒஸான் என்பதே மறந்துபோய் 'மாட்டேன் சீமாட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். தப்புச் செய்தவன்கூட என் மாட்டேனைக் கேட்டுச் சிரித்துவிடுவான். பாதி வழக்கு அதிலேயே முடிந்துவிடும்.

அந்த எல்ம் மரத்தடி வெயிலும், அப்பா மேலங்கியின் குதிரை வாடையும், என் உச்சந்தலையில் அவர் தாடை இடிக்கிற இடிப்பும் இன்றைக்கும் எனக்கு அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு, விதவையாகி அண்ணனிடமே திரும்பி வருவதற்கு முன்னால், புருஷன் வீடு பார்த்தேன், அங்கே கல் கோட்டையே இருந்தது, கூப்பிட்டால் ஓடி வரும் வேலைக்காரிகளும் இருந்தார்கள். அந்த மரத்தடிக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் வசந்தத்தில் அப்பா தூர் நகரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். திரும்பி வரும்போது தோளில் சிவப்புத் துணியில் ஒரு சிலுவை தைத்திருந்தது. ஜெருசலேமை மீட்கப் போகிறவர்களின் அடையாளம் அது. யாரோ ஒரு துறவி சந்தையில் நின்று பிரசங்கம் செய்திருக்கிறார், கூட்டம் அழுதிருக்கிறது, உடன் வந்த பிரபுக்கள் ஒருவர் பின் ஒருவராக முழந்தாளிட்டிருக்கிறார்கள். கல்யாண விருந்து மதுவும் உள்ளே இருந்திருக்கிறது. எங்கள் ஆளும் முழந்தாளிட்டுவிட்டார்.

அம்மா அந்தச் சிலுவையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தையல் சரியில்லை, பிரித்து நான் தைத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னாள். எங்கள் அம்மா எர்சாந்த் அப்படிப்பட்டவள். வீட்டுக் கூரை எரிந்தாலும் நாலு பேர் முன்னால் முகம் மாறாது.

போவதென்றால் குதிரை வேண்டும், கோவேறு கழுதை வேண்டும், இரும்புச் சட்டை வேண்டும், வழிக்கு வெள்ளி வேண்டும். எங்களிடம் இருந்தது புல்வெளி. மடம் எல்லாவற்றையும் தருவதாகச் சொன்னது, பதிலுக்கு ஆற்றோரப் புல்வெளியைக் கேட்டது. எங்களிடம் உருப்படியாக இருந்த நிலமே அது ஒன்றுதான். ஆனால் நிலத்தை எந்தப் பிரபுவும் தன் வாயால் மட்டும் கொடுத்துவிட முடியாது. பெண்டாட்டி, பிள்ளை, தம்பி, மருமகன் என்று இரத்தத்தில் யார் யார் உண்டோ அத்தனை பேரும் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருவர் முடியாது என்றாலும் மடம் தொடாது, நாளைக்கு வழக்கு வரும் என்று பயம். பக்கத்துக் கோட்டை சலமோனுக்கும் தோளில் சிலுவை இருந்தது. அவர் தம்பி மகன் காட்டை விற்கச் சம்மதிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். சலமோன் என்ன செய்வார், வீட்டிலேயே இருந்துவிட்டார். குடும்பம் சம்மதிக்கவில்லை என்றால் யாரும் குறை சொல்வதில்லை.

இதெல்லாம் ஆறு வயதுக் காதில் எப்படி விழுந்ததோ, ஒன்று மட்டும் தெளிவாக விழுந்தது. நான் மாட்டேன் என்று சொன்னால் அப்பா போக முடியாது.

பிறகு கேட்க வேண்டுமா? சமையற்கட்டில் மாட்டேன், லாயத்தில் மாட்டேன், கோபுரத்து ஏணிமேல் ஏறி நின்றுகொண்டு மாட்டேன். அப்பா எங்கே கண்டாலும் நிறுத்திக் கேட்பார்.

"என்ன சீமாட்டி, இன்னும் மாட்டேன்தானா?"

"மாட்டேன்."

தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். கூடத்தைச் சுற்றி ஒரு ஓட்டம். அதற்காகவே நான் ஒளிந்திருந்து எதிரில் வந்து நிற்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை நடக்கும்.

ஆனால் நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விலாங்கு மீன் குழம்பு என்றால் சட்டியோடு சாப்பிடுகிற மனுஷன் தட்டைத் தள்ளி வைத்தார். பாட்டும் நின்றுவிட்டது. மாலையில் தனியாக எழுந்து போய் ஆற்றோரத்தில் நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய் நின்றால் கையைப் பிடித்துக்கொள்வார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னால்தான் என்று நினைத்தேன். சாமி காரியத்துக்குப் போகிறவரை இந்தக் குட்டிக் கழுதை தடுக்கிறதே என்று மனசுக்குள் அழுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அம்மாவும் அதற்குத் தகுந்தாற்போல் ஒரு நாள் காலையில் என்னைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தலை வாரினாள். சீப்பு இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஞாயித்துக்கிழமை மடத்துக் கோயில்ல எல்லாரும் இருப்பாங்க. சலமோன் வருவார். அவர் பொண்டாட்டி வருவா. அங்க வந்து நீ மாட்டேன், மாட்டேன்னு குதிச்சா அப்பா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுப்பார்? ஒரு பொட்டப் பிள்ளைய அடக்கத் தெரியாதவன் ஊர ஆளறானாம்னு சிரிப்பாங்க. இந்த ஒரு தடவை நல்ல பிள்ளையா இரு. சம்மதம்னு சொல்லு."

"சொன்னா அப்பா சாப்பிடுவாரா?"

அம்மா சீப்பை நிறுத்தினாள். பிறகு, சாப்பிடுவார் என்றாள்.

அவள் மேலும் என்னென்னமோ சொன்னாள். அறுவடைக்கு அடுத்த அறுவடைக்குள் வந்துவிடுவார், எனக்குப் பட்டு கொண்டுவருவார் என்றெல்லாம். எனக்குப் பட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அவர் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் அவர் சாப்பிட வேண்டும், பாட வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். ஆறு வயதில் மூன்று நாள் யோசிப்பது லேசில்லை. கடைசியில் என் ஆசையை விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறையக் கூட்டம். பலிபீடத்தின் பக்கத்தில் அப்பா கையில் ஒரு சின்னக் கத்தியோடு நின்றார். எல்லோரும் சம்மதித்ததும் அந்தக் கத்தியைப் பீடத்தில் வைத்தால் நிலம் மடத்தினுடையது. அம்மா சம்மதம் என்றாள், அதற்குப் பரிசாக மடத்தில் ஒரு நீலப் போர்வை கொடுத்தார்கள். கொபேர் சம்மதம் என்றான், ஒரு குட்டிக் குதிரை கொடுத்தார்கள். எனக்கென்று சிவப்புத் தோலில் ஒரு ஜோடிச் செருப்பு எடுத்து வைத்திருந்தார்கள். மடத்தலைவர் அப்பாவிடம் ஏதோ மெல்லச் சொன்னார், அப்பா தலையசைத்து மறுத்து, என் காதில் விழாமல் ஏதோ பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒஸான், ஆத்தோரப் புல்வெளிய இவங்களுக்குக் குடுக்கறேன். உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மாட்டேன் சீமாட்டியா இது என்று. அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவும் கேட்டார்.

"நான் என்ன கேட்டேன்னு புரிஞ்சுதா கண்ணு? புல்வெளியக் குடுத்துட்டு அப்பா போயிடுவேன். சம்மதமா?"

"சம்மதம்ப்பா."

அவர் கத்தியை இடைவாரில் செருகிவிட்டு என் முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அவசரமே இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு."

நான் மூச்சு இழுத்துக்கொண்டு சம்மதம் என்று போட்ட சத்தத்தில் கூரை உத்தரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. கோயிலே சிரித்தது. சலமோனின் மனைவி கைதட்டினாள். அப்பாவும் சிரித்தார் என்றுதான் எனக்கு ஞாபகம். எழுந்து போய்க் கத்தியைப் பீடத்தில் வைத்தார்.

அன்று மத்தியானம் நான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்கச் சாப்பிட்டார், என்னை மடியில் வைத்துக்கொண்டு. அம்மா சொன்னது சரிதான் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என்னிடம் மட்டும் ஏன் மூன்று தடவை கேட்டார் என்று பிற்பாடு அம்மாவிடம் கேட்டேன். சின்னப் பிள்ளைகளிடம் மூன்று தடவை கேட்பதுதான் வழக்கம் என்றாள். எனக்கு அது பெரிய பெருமை. எல்லோரிடமும் ஒரு தடவை, என்னிடம் மூன்று தடவை.

பத்தாம் நாள் அப்பா கிளம்பினார். மூன்று வருஷம் கழித்துப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் அவருடைய இடைவாரைக் கொண்டுவந்து கொடுத்தான். ஜெருசலேம் போகிற வழியிலேயே, அந்தியோக்கியா மதிலுக்கு வெளியே, காய்ச்சலில், வாளை ஒரு தடவைகூட உறையிலிருந்து எடுக்காமல் போய்ச் சேர்ந்தாராம். அவ்வளவுதான் எங்கள் அப்பா.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவேன். கேட்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். பிறகு புறாக்கள் பறந்ததை இன்னொரு தடவை சொல்லி அவர்களைச் சிரிக்க வைப்பேன். ஒஜியே மூக்கும் உறிஞ்சவில்லை, சிரிக்கவும் இல்லை. மடியில் விரித்த சாசனத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சின்னப் பிள்ளைங்ககிட்ட மூணு தடவை கேக்கற வழக்கம்னு ஒண்ணு கிடையாதே" என்றார். "ஏழு வயசுக்குக் கீழன்னா கேக்கவே வேண்டியதில்ல. தாய் சேத்துச் சொல்லிடுவாங்க. இதுலயே அப்படித்தான் எழுதியிருக்கு."

எனக்கு அந்த இலத்தீன் எழுத்தெல்லாம் தெரியாது. படித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எங்கள் பேச்சில் சொன்னார். மகள் ஒஸானுக்கு வயது நிரம்பவில்லை, தாயின் சொல் போதும் என்று மடத்தலைவர் சொன்னார். ஆர்ஷம்போ அதற்கு உடன்படவில்லை. அந்தக் குழந்தையைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும், அவள் மாட்டேன் என்றால் நிலமும் இல்லை, பயணமும் இல்லை என்று பீடத்தருகில் நின்ற சாட்சிகளிடம் சொன்னார். பிறகு அவரே மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள் தடையின்றிச் சம்மதித்தாள்.

"மகள்மேல அவ்வளவு மதிப்பு வெச்சிருக்கார். பெரிய மனசு" என்றார் ஒஜியே. மனுஷன் நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னார்.

தூர் சந்தையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், தன் வாயால் பின்வாங்க முடியாதவர், யாரை நம்பி அந்தக் கோயிலுக்குள் வந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாரே. என் ஒரு வார்த்தையை நம்பித்தானே வந்தார், பாவி நான்.

கொபேரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உனக்குத் தெரியுமா?"

அவன் காலை முக்காலிமேல் நகர்த்தி வைத்தான். அதட்டிக் கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றான். "நான் பக்கத்துலதானே நின்னேன். நீ ரெண்டு தடவை சம்மதம்னு சொன்ன பிறகும் கத்தியப் பீடத்துல வெக்காம இடைவார்ல சொருகிக்கிட்டார். அம்மாவும் பாத்துட்டா. வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதா, நான்தானே சொல்லிக் குடுத்தேன், நான்தானே சொல்லிக் குடுத்தேன்னு. அப்புறம் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. பிள்ளைக்கு இது தெரியவே கூடாதுன்னு."

நான் இந்தக் கதையை எத்தனை விருந்தில் சொல்லியிருப்பேன். அம்மா உயிரோடிருந்த இருபத்தேழு வருஷமும் அவள் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன், புறாக்கள் பறந்த இடத்தில் கையை விரித்துக் காட்டி, எல்லோரையும் சிரிக்க வைத்து. அவளும் சிரித்தாள். ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. கொபேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், சாப்பாட்டு மேசையின் அந்தக் கோடியில், ஐம்பத்திரண்டு வருஷமாக.

ஒஜியே திகைத்துப்போய்ச் சாசனத்தைச் சுருட்டவா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். புல்வெளி அவர்களுடையதுதான், அதில் எனக்கு வழக்கொன்றும் இல்லை. சம்மதம், எழுதிக்கொள்ளுங்கள் சாமி என்றேன். கொபேரும் சொன்னான். அவர் வந்தபடியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கழுதை ஏறிப் போனார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. இந்த வயசில் அப்படி அழலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை. கொபேர் முக்காலியைத் தள்ளிவிட்டு நொண்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு ஆறுதல் சொல்ல என்றைக்கும் வராது.

"சும்மா இரு ஒஸான். நீ மாட்டேன்னு சொல்லியிருந்தாலும் என்ன ஆயிருக்கும்? அடுத்த வருஷம் வேற ஒருத்தன் வந்து கூப்பிட்டிருப்பான். இவரும் போயிருப்பார்."

"ஒரு வருஷம் இருந்திருப்பாரே அண்ணே" என்றேன்.